லாரியில் ‘சும்மா’ வந்த மதினி!

‘ஏங்க... பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிஞ்சிருச்சு. இந்த நடைக்கு நாங்களும் வண்டியிலேயே வரட்டுமா?’

குருவிகுளம் பக்கத்து லாரி டிரைவர் வீடுகளில் ஏப்ரல் கடைசியில் தவறாமல் எழும் கேள்வி இது. கேட்பவர் மதினி. பதில் சொல்ல வேண்டியவர் அண்ணாச்சி. அவர் லேசில் வாயைத் திறக்க மாட்டார். வேப்பங்குச்சியைக் கடித்தபடி வானத்தைப் பார்ப்பார். மழை வருமா என்று பார்க்கிறாராம். கரிசல் காட்டில், கத்திரி வெயிலுக்கு முந்தின வாரத்தில்!

சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊர் மானாவாரி பூமி. பருத்தி, உளுந்து, மக்காச்சோளம் என்று எதையாவது போட்டுவிட்டு மேலே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். மேலே இருக்கிறவர் கைவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ், அதுவும் ஒத்துவராவிட்டால் ஸ்டியரிங். கோவில்பட்டி போய் வடக்கே திரும்பிவிட்டால் மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம், ஓசூர், ஹைதராபாத், நாக்பூர், டெல்லி... 44-ம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீநகர் வரைக்கும் விடாது. கன்னியாகுமரியிலிருந்து கணக்குப் போட்டால் 3,700 கிலோமீட்டருக்கு மேல். அத்தனை நீளமான ரோட்டில் புருஷனை அனுப்பிவிட்டு இங்கே தனியாக இருக்கிற ஒரு பெண், ‘நானும் வரட்டுமா’ என்று கேட்பதில் என்ன தப்பு?

ஒரு தப்பும் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘குடும்பத்தை லாரியில் ஏற்றாதே’ என்று உபதேசம் பண்ணுகிற கட்டுரை இல்லை இது. அப்படி உபதேசம் பண்ணுகிறவர்கள் பெரும்பாலும் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் இருக்கிறவர்கள்.

நான் கோவில்பட்டியில் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கோடு கிழித்து வரவு எது, பற்று எது என்று எழுதுகிற வியாதி உண்டு. மதினி வண்டியில் ஏறினால் வரவுப் பக்கம் என்னென்ன?

ஓட்டல் செலவு மிச்சம். ஒரு சின்ன ஸ்டவ், ஒரு குக்கர் இருந்தால் போதும், மரத்தடியில் சுடுசோறு. அண்ணாச்சி இறங்கி பில் போடப் போகிறபோது டீசல் டாங்கையும் தார்ப்பாயையும் பார்த்துக்கொள்ள இரண்டு கண் கூடுதலாகக் கிடைக்கிறது. ராத்திரி ‘அந்த’க் கடைப் பக்கம் வண்டி தானாகத் திரும்பாது. எல்லாவற்றையும்விட, அப்பாவை போனில் மட்டுமே பார்த்துப் பழகின பிள்ளை, பத்து நாள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வரும். இதை எந்த லெட்ஜரில் எழுதுவது? கிளீனர் வேலைக்கு ஆள் கிடைக்காத காலம் வேறு. நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் இருக்க வேண்டும் என்ற விதியையும் 2018-ல் எடுத்துவிட்டார்கள். இடது பக்க சீட் காலியாகத்தான் கிடக்கிறது.

நம் ஊரில் மட்டும் இல்லை. சீனாவில் இப்படிப் புருஷனோடு லாரியில் போகிற பெண்களுக்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். ‘கா ஸாவ்’. ‘கா’ என்றால் லாரி, ‘ஸாவ்’ என்றால் அண்ணன் மனைவி. அதாவது, லாரி மதினி! இரண்டாவது டிரைவருக்குச் சம்பளம் கொடுக்கக் கட்டுப்படியாகாமல்தான் அங்கேயும் பல பெண்கள் ஏறுகிறார்கள். சமையல், சரக்குக் காவல், கணக்கு வழக்கு, புருஷன் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர்கள் வேலை. சம்பளம்? நீங்களே சொல்லுங்கள்!

சரி, பற்றுப் பக்கம் வருவோம். அங்கே இரண்டே இரண்டு வரிதான். ஒன்று இரும்பு, இன்னொன்று காகிதம்.

இரும்பை முதலில் பார்த்துவிடலாம். ‘லாரி பெரிய வண்டி. இடிச்சா அடுத்தவனுக்குத்தான் சேதம். உள்ளே இருக்கிறவனுக்கு என்ன?’ என்று நமக்கு ஒரு நினைப்பு. கார்க்காரன், பைக்காரன் விஷயத்தில் இது ஓரளவு சரி. ஆனால், லாரி போய் மோதுவது இன்னொரு லாரியின் முதுகில் என்று வையுங்கள். அந்த முதுகில் இருபது டன் சிமென்ட் இருக்கிறது. அப்போது பெரிய வண்டி, சின்ன வண்டி என்ற பேச்சே கிடையாது. இப்போது வருகிற லாரிகளில் எஞ்சின் முன்னால் நீட்டிக்கொண்டு இருப்பதில்லை, கேபினுக்கு அடியில் இருக்கிறது. கண்ணாடிக்கும் முழங்காலுக்கும் நடுவில் இருப்பது ஒரு தகடும் டேஷ்போர்டும்தான். நாடு முழுக்க 2022-ல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் லாரிக்குள் இருந்து இறந்தவர்கள் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல். அந்த வருஷம் விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு. 64,105 விபத்துகள். முதலிடம் வாங்குவதற்கு வேறு விஷயமே கிடைக்கவில்லை பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிரேக் டவுன் ஆன வண்டி எங்கே நிற்கும்? ரோட்டின் இடது ஓரத்தில். பின்னால் வருகிற டிரைவர் கண்ணயர்ந்து, கடைசி நொடியில் முழித்தால் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிப்பார்? வலது பக்கம். அது கை தானாகச் செய்கிற வேலை, யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால், அப்படி ஒடித்தால் எதிரே நிற்கிற வண்டியின் மூலையில் போய் இடிப்பது கேபினின் இடது பாதி. டிரைவர் கால் முறிவோடு தப்பிப்பார். இடது சீட்டில் யார் இருக்கிறார்கள்?

பழைய நாளில் நிலைமை இன்னும் மோசம். கம்பெனியிலிருந்து வருவது சேஸ், எஞ்சின், முகப்புத் தகடு இவ்வளவுதான். மிச்சக் கேபினை நாமக்கல் பக்கத்துப் பாடி பட்டறைகளில் மரச்சட்டமும் தகரமும் வைத்துக் கட்டுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். சைடில் மயில், மேலே முருகன், பின்னால் ‘சாலையில் வேகம் வேண்டாம்’. மோதினால் முதலில் உள்ளே வருவது அந்த மரச்சட்டம்தான். இப்போது பெரும்பாலும் கம்பெனியே இரும்புக் கேபின் கட்டிக் கொடுக்கிறது. அந்தக் கேபினுக்கு ஒரு பரீட்சையும் உண்டு. ஐரோப்பாவில் 29-ம் எண் விதி என்பார்கள், நம் ஊரில் அதே ஜாடையில் ஏ.ஐ.எஸ்-029. ஒன்றரை டன் எடையுள்ள இரும்புப் பலகையை ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டு, ஆட்டி, கேபினின் முகத்தில் மோத விடுவார்கள். கூரை தாங்குகிறதா, பின்சுவர் தாங்குகிறதா என்றும் அழுத்திப் பார்ப்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு, சீட்டில் உட்கார வைத்த பொம்மைக்கு நசுங்காத இடம் மிச்சம் இருக்க வேண்டும். அப்போதுதான் பாஸ்.

இதில் ‘சீட்டில்’ என்ற வார்த்தையை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். பரீட்சை சீட்டில் இருக்கிறவருக்குத்தான். இரண்டு சீட்டுக்கும் நடுவில், எஞ்சின் மூடி மேல் போர்வையை மடித்துப் போட்டு உட்கார வைக்கிறோமே மூத்த பையனை, அந்த இடத்துக்கு எந்த ஊஞ்சலும் ஆடவில்லை. பின்னால் படுக்கைப் பலகையில் தூங்குகிற பாப்பாவுக்கும் அப்படித்தான். பிரேக் அடித்தால் பாப்பா நேரே கண்ணாடிக்குத்தான் வரும். நடுவில் தடுக்க ஒன்றுமில்லை.

‘மடியில வெச்சுக் கெட்டியாப் பிடிச்சிக்குவேன்’ என்பார் மதினி. தாயின் பிடியைச் சந்தேகப்படுகிற பாவம் எனக்கு வேண்டாம். ஆனால், கணக்கு கேட்காது. மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். 15 கிலோ குழந்தை அந்த வேகத்தில் போய், ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நிற்க வேண்டுமென்றால், பிடித்திருக்கிற கை தாங்க வேண்டிய பாரம் 250 கிலோவுக்கு மேல். நெல் மூட்டை மூன்று! பயில்வானாலும் முடியாது. அதே வேகத்தை வேறு மாதிரி சொன்னால், நாலு மாடிக் கட்டடத்து மொட்டை மாடியிலிருந்து விழுகிற வேகம். மாடியில் கைப்பிடிச் சுவர் ஓரமாகக் குழந்தை எட்டிப் பார்த்தாலே நமக்கு அடிவயிறு கலங்குகிறது. கேபினில் ஜன்னலோரம் நிற்க வைத்து ‘அந்தா பார் மாடு’ என்று காட்டிக்கொண்டு போகிறோம்.

பெல்ட் விஷயம் சட்டத்திலும் இருக்கிறது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினாலு வயதுக்கு உட்பட்ட குழந்தை பெல்ட்டோ, குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் வண்டியில் வந்தால் ஓட்டுகிறவருக்கு 1,000 ரூபாய் அபராதம். லாரி, கார் என்று அதில் பேதம் இல்லை. ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கிற எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றினால், தலைக்கு 200 ரூபாய். போய்விட்டுப் போகிறது, கட்டிவிடலாம். கட்ட முடியாதது அடுத்துதான் வருகிறது.

காகிதம்.

லாரிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. வருஷா வருஷம் பத்தாயிரக்கணக்கில் கட்டுகிறார் ஓனர். ஆகவே, வண்டிக்குள் இருக்கிற எல்லோருக்கும் இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்றுதான் நானும் நீங்களும் நினைப்போம். கோர்ட்டே ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னது. 1999-ல் சத்பால் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட், சரக்கு லாரியில் சும்மா வந்தவருக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பு என்றது. மூன்றே வருஷம். 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் அதை மாற்றிவிட்டது. சரக்கு லாரி சரக்குக்காக இருப்பது. அதில் ஓசியில் பயணம் செய்கிறவருக்கு நஷ்டஈடு தருகிற கட்டாயப் பொறுப்பு கம்பெனிக்கு இல்லை. இன்றைக்கு வரை அதுதான் நிலைமை.

சட்ட ஆங்கிலத்தில் இப்படி வருகிறவர்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது. தமிழில் சொன்னால், ‘சும்மா வந்த பயணி’. காலை நாலு மணிக்கு எழுந்து உப்புமா கிண்டி, தண்ணீர் பிடித்து, துணி துவைத்து, தார்ப்பாய் கட்டக் கயிறு பிடித்துக் கொடுத்த மதினி... சும்மா வந்தவர்!

சரி, அப்படியென்றால் கேபினில் யார் யாருக்குக் காப்பு? சம்பளத்துக்கு ஓட்டுகிற டிரைவருக்கு உண்டு, கிளீனருக்கு உண்டு. தொழிலாளர் இழப்பீடாக ஓனர் தர வேண்டியதைக் கம்பெனி தரும். அண்ணாச்சியே ஓனர், அவரே டிரைவர் என்றால் அவருக்கான கட்டாய விபத்துக் காப்பு தனி. 2018-ல் மெட்ராஸ் ஹைகோர்ட் தீர்ப்புக்குப் பிறகு அது 15 லட்சமாக உயர்ந்தது. 1994 நவம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, சரக்கின் சொந்தக்காரர் அல்லது அவர் அனுப்பிய ஆள் சரக்கோடு வந்தால் அவருக்கும் உண்டு. மனைவி, மக்கள்? அந்தப் பட்டியலில் அவர்கள் இல்லை. டிரைவருக்கு உண்டு, வெங்காயத்துக்காரருக்கு உண்டு, வெங்காயத்துக்குக்கூட தனியாக பாலிசி எடுக்கலாம். டிரைவரின் பெண்டாட்டிக்கு இல்லை!

‘அப்போ ஒண்ணுமே கிடைக்காதா?’ கிடைக்கலாம். எதிரே வந்த வண்டியின் மேல் தப்பு என்றால், அந்த வண்டியின் இன்ஷூரன்ஸ் தர வேண்டும். அதற்கு இவர்கள் தேர்ட் பார்ட்டிதானே. தப்பு நம் வண்டி மேல் என்றால், தீர்ப்பாயம் நம் ஓனரைக் கொடுக்கச் சொல்லும். சில வழக்குகளில், ‘முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு ஓனரிடம் வசூல் பண்ணிக்கொள்ளட்டும்’ என்றும் உத்தரவு வந்திருக்கிறது. 2004-ல் சுப்ரீம் கோர்ட்டே அப்படிச் செய்தது. எப்படிச் சுற்றினாலும் கடைசியில் கை வைப்பது ஓனரின் சொத்தில். ஒரே ஒரு லாரியைக் கடனுக்கு எடுத்து ஓட்டுகிற ஓனர் எதை விற்றுக் கொடுப்பார்? அதிலும் அண்ணாச்சியே ஓனர், அவரே ஓட்டினார், தப்பும் அவர் மேல் என்று வையுங்கள். பெண்டாட்டியைப் பறிகொடுத்துவிட்டு நஷ்டஈடு கேட்டு அவர் யார் மேல் கேஸ் போடுவது? அவர் மேலேயேதான்!

‘போகட்டும் சார், லாரிக்காரர் கதை நமக்கெதுக்கு? நான் பாட்டுக்கு ஆபீஸ், அரியர்ஸ், டி.ஏ. என்று இருக்கிறேன்’ என்று பக்கத்தைப் புரட்டப் பார்க்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். போன தடவை டிரான்ஸ்பர் ஆனபோது வீடு மாற்றினீர்களே, எப்படி? ஒரு லோடு வண்டி பிடித்தீர்கள். பீரோ, கட்டில், கிரைண்டர், துளசிமாடம். முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் உங்கள் மனைவி, மடியில் குழந்தை, குழந்தை மடியில் மீன் தொட்டி. பின்னால், ‘சாமான் சாயாமல் பார்த்துக்கொள்’ என்று கட்டில் மேல் மச்சினன். நீங்கள் பைக்கில் முன்னால் வழிகாட்டிக்கொண்டு போனீர்கள்.

அந்தக் கட்டிலுக்குச் சொந்தக்காரர் நீங்கள். நீங்கள் கேபினில் வந்திருந்தால் சட்டத்தின் கண்ணில் ‘சரக்கின் சொந்தக்காரர்’. உங்களுக்குக் காப்பு உண்டு. ஆனால், சொந்தக்காரரே ஆனாலும் கேபினில்தான் வர வேண்டும், சரக்கு மேல் ஏறி உட்கார்ந்து வந்தால் கிடையாது என்று 2007-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆக, கட்டில் மேல் மச்சினனுக்கு ஒன்றும் இல்லை. முன்சீட்டில் மனைவி? ‘கட்டில் அவங்க சீதனம் சார், அவங்களும் ஓனர்தான்’ என்று வக்கீல் வாதாடிப் பார்க்கலாம். குழந்தைக்கு மீன் தொட்டியின் பேரில் வாதாட முடியுமா என்று தெரியவில்லை!

குலதெய்வம் கோயில் விஷயம் இதைவிடக் கொடுமை. பங்குனி உத்திரம் வந்தால் எங்கள் ஜில்லாவில் ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு திசையில் சாஸ்தாவைத் தேடிப் புறப்படும். முடியிறக்கு, காதுகுத்து, பொங்கல், கிடா. பஸ் போகாத இடத்தில்தான் சாமி இருப்பார், அது அவர் ராசி. உடனே ஒரு லோடு வேன் பேசுவார்கள். முப்பது பேர், இரண்டு கிடா, ஒரு மைக் செட். மடக்குக் கதவில் சங்கிலி மாட்டிவிட்டுக் குலவை போட்டால் வண்டி புறப்பட்டுவிடும். 2022 ஏப்ரல் முதல் வாரத்தில், திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையில் சேம்பரை என்ற இடத்துக் கோயிலுக்கு இப்படிக் கிளம்பிப் போன சரக்கு வேன் மலைப்பாதையில் உருண்டு, பத்துப் பேருக்கு மேல் போய்விட்டார்கள். யுகாதி அன்றைக்கு. பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். லோடு வேனின் பின்பக்கத்தில் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? பக்கத்தில் நிற்கிறவரின் தோள். அவர் எதைப் பிடித்திருக்கிறார்? உங்கள் தோளை.

எங்கள் பக்கம் களையெடுக்கவும் பருத்தி எடுக்கவும் காலையில் பெண்களை அள்ளிக்கொண்டு போகிற லோடு ஆட்டோக்களுக்கும் இதே கதிதான். சரக்கு வண்டியை வாடகைக்குப் பிடித்தவர் ஏற்றி வருகிற கூலியாட்கள், வண்டி ஓனரின் ஆட்கள் ஆக மாட்டார்கள் என்று 2012-ல் ஒரு தீர்ப்பு வந்திருக்கிறது. வேலைக்குப் போகிறவர்கள், ஆனால் சட்டத்துக்கு அவர்களும் கிட்டத்தட்ட ‘சும்மா’தான்.

அமெரிக்காவில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தேன். அங்கேயும் டிரைவர்கள் மனைவியைக் கூட்டிப் போகிறார்கள். ஆனால், கம்பெனி எழுத்தில் அனுமதி கொடுத்தால்தான் ஏற்றலாம். அந்தக் கடிதத்தில் வருகிறவர் பெயர், எந்த ஊரில் ஏறுகிறார், எந்த ஊரில் இறங்குகிறார், அனுமதி எந்தத் தேதியோடு முடிகிறது, எல்லாம் இருக்க வேண்டுமென்று மத்திய அரசு விதியே சொல்கிறது. பெண்டாட்டியைக் கூட்டிப்போக முதலாளியிடம் லெட்டரா என்று சிரிப்பு வரலாம். எனக்கும் வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தக் காகிதம் இருக்கிற நிமிஷத்தில் அந்தம்மா சும்மா வந்தவர் இல்லை. வண்டிக்குள் இருக்கிறார் என்று கம்பெனிக்குத் தெரியும், அதற்குத் தகுந்த இன்ஷூரன்ஸ் எடுக்கவும் வழி பிறக்கும்.

நம் ஊரிலும் அப்படி ஒரு சந்து இருக்கிறது, யாரும் நுழைவதில்லை. லாரி பாலிசி போடும்போது, காசு தராமல் வருகிறவர்களுக்கான பொறுப்பு என்று தனியாக, தலைக்கு ஒரு சின்னத் தொகை கூடுதலாகக் கட்டி எழுதிக்கொள்ளலாம். பாலிசித் தாளில் ‘என்.எஃப்.பி.பி.’ என்று சுருக்கமாகப் போட்டிருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சீட் கணக்குக்குள் ஆள் இருக்க வேண்டும், அது முக்கியம். மூன்று சீட் உள்ள கேபினில் ஐந்து பேரை உட்கார வைத்துவிட்டு இந்த நாலெழுத்தைக் காட்டினால் வேலைக்கு ஆகாது. அடுத்த முறை ரெனியூவலுக்கு ஏஜென்ட் வரும்போது கேளுங்கள். அவர் கொஞ்சம் முழிப்பார், பிறகு போட்டுத் தருவார்.

மதினி பேரில் பேங்க் கணக்கு இருக்கிறதா? இருந்தால், பிரதமரின் சுரக்ஷா பீமா என்று வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கிற திட்டம் ஒன்று உண்டு. 18 முதல் 70 வயது வரை. விபத்தில் இறந்தால் 2 லட்சம். லாரியா, பஸ்ஸா, சும்மா வந்தாரா, டிக்கெட் எடுத்தாரா என்ற விசாரணை அதில் கிடையாது. நான் பார்த்த பாஸ்புக்குகளில் பாதியில் அண்ணாச்சி பேரில் மட்டும்தான் இந்த 20 ரூபாய் கழிந்திருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் அடிபட்டால், 2021 டிசம்பரில் தொடங்கின ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்குக் காசு கேட்க மாட்டார்கள், நீங்கள் எந்த ஊர்க்காரராக இருந்தாலும்.

அப்புறம் தூக்கம். ‘பேச்சுத் துணைக்கு ஆள் இருந்தா தூக்கம் வராது’ என்பதுதான் மதினியை ஏற்றுவதற்கு எல்லோரும் சொல்கிற முதல் காரணம். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் உடம்பு கேட்காது சார். யார் பேசினாலும் கேட்காது. பேசுகிறவரும் இரண்டரைக்குத் தூங்கிவிடுவார், பக்கத்தில் ஒருவர் தூங்குவதைப் பார்த்தால் ஓட்டுகிறவருக்கு இன்னும் கண் சொக்கும். அந்த நேரத்துக்கு மருந்து, வண்டியை ரோட்டை விட்டுத் தள்ளி, வெளிச்சம் உள்ள இடத்தில் நிறுத்தி இருபது நிமிஷம் கண்ணை மூடுவதுதான். குடும்பம் கூட இருந்தால் அதற்காவது ஒரு மரியாதை இருக்கும். ‘லோடு லேட்’ என்று செட்டிலிருந்து போன் வந்தால், ‘பிள்ளை அழுகிறது’ என்று சொல்லிக்கொள்ளலாம்! தொப்பூர் கணவாய் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிற பழக்கமும் அப்படித்தான். கியரில் இருந்தால் எஞ்சினும் வண்டியைப் பிடிக்கும். நியூட்ரலில் பிரேக் மட்டும் பிடிக்க வேண்டும். பிடித்துப் பிடித்துச் சூடேறினால் கடைசி வளைவில் அதுவும் பிடிக்காது. சேலம் தாண்டுகிறவரை மதினிக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்தால் கியரைப் பார்த்துக்கொண்டே வருவார் என்பது என் நம்பிக்கை.

பட்டாசு லோடு, ஆசிட் லோடு, நீளக் கம்பி லோடு என்றால் மட்டும் தயவுசெய்து பிள்ளைகளை வீட்டில் விட்டுவிடச் சொல்லுங்கள். பிரேக் அடித்தால் கம்பி கேபினின் பின்சுவரைக் கேட்டுக்கொண்டு வராது. படுக்கைப் பலகை இருப்பது அந்தச் சுவரை ஒட்டித்தான்.

கேபின்கள் மாறிக்கொண்டுதான் வருகின்றன. 2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாராகும் மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. ஏ.சி. வந்தால் மே மாதத்தில் ‘நாங்களும் வரட்டுமா’ என்று கேட்பவர்கள் கூடத்தான் செய்வார்கள். கேட்கட்டும். ஏ.சி.யோடு மூன்றாவது சீட்டுக்கும் ஒழுங்கான பெல்ட்டும், குழந்தை இருக்கை மாட்டுகிற கொக்கியும் வைத்தால் கம்பெனிக்காரர்களுக்குப் புண்ணியம்.

‘சும்மா’ என்ற பட்டத்திலிருந்து தப்பிக்க இன்னொரு வழியும் இருக்கிறது. அதைச் செய்து காட்டியவர் பக்கத்து மாநிலத்தில்தான் இருக்கிறார். கோட்டயம் மாவட்டம் ஏற்றுமானூர்ப் பக்கத்து ஜலஜா ரதீஷ். கணவர் லாரித் தொழில். இவர் ஹெவி லைசென்ஸ் எடுத்தார். 2022-ல் கணவரோடு கேரளாவிலிருந்து பிளைவுட் ஏற்றிக்கொண்டு புனே, அங்கிருந்து வெங்காயம் ஏற்றிக்கொண்டு காஷ்மீர் என்று போய் வந்தார். அதைப் படம் பிடித்துப் போட, ஊரே பார்த்தது. பிறகு குடும்பத்தில் மற்றவர்களும் சேர்ந்து போக ஆரம்பித்தார்கள். போபாலில் யோகிதா ரகுவன்ஷி என்று ஒருவர், விபத்தில் கணவரை இழந்தபின் பிள்ளைகளை வளர்க்க லாரி ஓட்ட வந்தவர். சட்டம் படித்தவர், அதற்கு முன் காமர்ஸ் பட்டதாரி. நானும் காமர்ஸ்தான். எனக்கு இன்னும் கார்கூட ரிவர்ஸ் வராது!

ஜலஜா கேபினில் ஏறினால் சட்டப்படி அவர் டிரைவர். காப்பு உண்டு, பெல்ட் உண்டு, பரீட்சை பாஸான சீட் உண்டு. புருஷன் தூங்குகிற நேரத்தில் வலது பக்கம் உட்கார்ந்து அவர் ஓட்டுவார். கோவில்பட்டியில் ஹெவி லைசென்ஸ் பழக்க ஆள் இருக்கிறது. என்ன ஃபீஸ் என்று அண்ணாச்சியைக் கேட்டால் மறுபடி வானத்தைப் பார்ப்பார். மதினியே நேரில் போய் விசாரிப்பது நல்லது.